மாலையில் விடுவிக்கப்பட்டனர்: பதிவேடு இல்லாத காவலும் அறவழிப் போராட்டமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு மறியலோ ஆர்ப்பாட்டமோ நடந்தால், மறுநாள் நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும்: கைது செய்யப்பட்டவர்கள் திருமண மண்டபத்தில் அடைக்கப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர். இதைப் படிப்பவர் ஆறுதலோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். யாரும் சிறைக்குப் போகவில்லை, வழக்குகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் காலைக்கும் மாலைக்கும் இடையில் என்ன நடந்தது, எந்தச் சட்டப் பிரிவில் அடைத்து வைத்தார்கள், யார் பொறுப்பில் இருந்தார்கள், யாருக்காவது அடி விழுந்ததா என்று கேட்டால், காட்டுவதற்குப் பெரும்பாலும் ஒரு தாள்கூட இருப்பதில்லை.

அமைதியாகப் போராடுபவர்களைப் பிடித்து வைப்பதில் தமிழகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையின் மேற்குப் புறநகருக்கு அதில் தனி இடமும் உண்டு. பொடா வழக்குகள் நடந்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில் இருந்தது. வேலைநிறுத்தத்தையே குற்றமாக்கிய சட்டம் ஆவடியின் பாதுகாப்புத் துறை ஆலைகள் மேல் விழுந்தது. உணவு கேட்டுச் சாலைக்கு வந்த பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி விடுதியிலிருந்து கிளம்பியவர்கள். இந்த வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. தலைவர்களை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைக்கும் முறை குறைந்து, சாதாரணத் தொழிலாளர்களைச் சில மணி நேரம் அடைத்து வைக்கும் முறை பெருகியிருக்கிறது. முதல் முறை கொடியது என்றாலும் அது ஆவணத்தை விட்டுச் சென்றது. இரண்டாவது முறை ஆவணத்தையே விட்டுச் செல்வதில்லை. அதனாலேயே அதை எதிர்த்து வாதாடுவது கடினமாகிறது.

மிசாவும் பொடாவும்

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அக்கட்சியினர் மிசா சட்டத்தின் கீழ்ச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு சிறையில் தாக்கப்பட்டு, 1977 ஜனவரியில் உயிரிழந்தார். சாத்தூர் பாலகிருஷ்ணனும் சிறைக் கொடுமைக்குப் பலியானவராக நினைவுகூரப்படுகிறார். நெருக்கடி நிலையில் உயிர் வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே ஜபல்பூர் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாக அறிவிக்க 2017 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் யார் யார் எந்த ஆணையின் கீழ் எந்தச் சிறையில் இருந்தார்கள் என்பது எழுத்தில் இருந்தது. அதனால்தான் ஆட்சி மாறிய பிறகு நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் சிறையில் நடந்ததை விசாரிக்க முடிந்தது. சாட்சிகள் வந்தார்கள், பதிவேடுகள் புரட்டப்பட்டன, அறிக்கை வந்தது. தண்டனை போதுமான அளவு கிடைத்ததா என்பது வேறு கேள்வி. நடந்தது நடந்ததாக நிலைநாட்டப்பட்டது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது பொடா. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ, ஜூலை 11 அன்று வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். பழ.நெடுமாறன் ஆகஸ்ட் 1 அன்று கைதானார். சுப.வீரபாண்டியனும், அடுத்த ஆண்டு ‘நக்கீரன்’ கோபாலும் அதே சட்டத்தில் சிறைக்குப் போனார்கள். யாரும் ஆயுதம் தூக்கவில்லை. மேடையில் பேசியதும் எழுதியதும்தான் பெரும்பாலான குற்றச்சாட்டுகளின் அடிப்படை. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்த தனி நீதிமன்றம் இருந்த பூந்தமல்லிதான் பொடா வழக்குகளுக்கும் களமானது. வைகோவை வேலூர்ச் சிறையிலிருந்து ஒவ்வொரு முறையும் அங்கே அழைத்து வந்தார்கள். பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு, 2004 பிப்ரவரியில்தான் அவர் ஜாமீனில் வெளியே வந்தார்.

ஒரு பேச்சுக்குப் பத்தொன்பது மாதம் என்பது பெரும் அநீதி. ஆனால் அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை இருந்தது, நீதிபதி இருந்தார், வழக்கறிஞர் இருந்தார். சட்டத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 2003 டிசம்பர் 16 அன்று பொடா செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாத வெறும் பேச்சு குற்றமாகாது என்று நீதிமன்றம் வரையறை செய்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அதற்காகப் போராடியவர்கள் கையில் ஆதாரம் இருந்ததால்தான் அது சாத்தியமானது.

குண்டர் சட்டம் என்ற குறுக்கு வழி

பொடா போனாலும் தடுப்புக் காவல் போகவில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள், ரவுடிகள் போன்றோருக்காக 1982இல் தமிழகம் இயற்றிய 14ஆம் எண் சட்டத்தை மக்கள் குண்டர் சட்டம் என்றே அழைக்கிறார்கள். இதன்படி போலீஸ் கமிஷனரோ மாவட்ட ஆட்சியரோ ஆணை பிறப்பித்து ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். ஆலோசனைக் குழுமத்தின் முன்னால் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கிடையாது.

2017 மே 21 அன்று மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி கைதாகி, இந்தச் சட்டத்தின் கீழ்ப் புழல் சிறையில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மீதும் குண்டர் சட்டம் பாய்ந்தது. இரு ஆணைகளையும் செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கேயும் கவனிக்க வேண்டியது இதுதான்: ஆணை எழுத்தில் இருந்ததால் நீதிபதிகள் அதைப் படித்தார்கள், காரணம் நிற்காது என்று கண்டார்கள், தள்ளுபடி செய்தார்கள். இடையில் தொலைந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை என்பது உண்மை. ஆனால் சட்டம் திருத்திக்கொள்வதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

மண்டபக் காவல்

இனி நாம் தினமும் பார்க்கும் முறைக்கு வருவோம்.

2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் கெட்டுப்போன உணவு சாப்பிட்டு நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. உள்ளே இருப்பவர்கள் நிலை என்ன என்று நிர்வாகம் தெளிவாகச் சொல்லாததால் இறப்பு வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு முதல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தென், வட மாவட்டக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள். எந்த அரசியல் கட்சியும் அவர்களைக் கூட்டவில்லை.

மறுநாள் 67 பெண்களும் ஒரு செய்தியாளரும் பிடித்து வைக்கப்பட்டார்கள், செல்போன்கள் பறிக்கப்பட்டன, பெற்றோரை அழைத்து எச்சரித்தார்கள், விடுதியில் இருந்தவர்களை அடித்தார்கள் என்று போராட்டத்தில் இருந்தவர்கள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். காவல்துறை அதை மறுத்தது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. விடுதிகளும் உணவும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்று உலகமே ஏற்றுக்கொண்டது. அவர்கள் அடிக்கப்பட்டார்களா இல்லையா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் காவல்துறையின் சொல். நடுவில் நேரம் குறித்த பதிவேடு, மருத்துவச் சான்று என எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை.

பெற்றோருக்குப் போன அந்த அழைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஊரில் ஒரு தாயிடம் ‘உங்க பொண்ணு ஸ்டேஷன்ல இருக்கா’ என்று சொன்னால் போதும். மறுநாள் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். வழக்கு இல்லாமலே தண்டனை கிடைத்துவிடுகிறது.

அதே நெடுஞ்சாலையில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஊர்வலம் போனவர்களைப் பிடித்து மண்டபத்தில் வைத்தார்கள். அக்டோபர் 8 இரவில் போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. கேட்டது சங்கம் வைக்கும் உரிமை. அரசமைப்புச் சட்டம் 19ஆம் உறுப்பில் ஏற்கெனவே கொடுத்தது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. அதற்கு முன்னால் எத்தனை தொழிலாளர்கள் எத்தனை மணி நேரம் மண்டபத்தில் இருந்தார்கள் என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

2025 ஆகஸ்ட் 1 முதல், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். நடைபாதையை அடைக்கக் கூடாது, அவர்களைச் சட்டப்படி அகற்றலாம் என்று ஆகஸ்ட் 13 அன்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிரவு நள்ளிரவை ஒட்டி அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றி, நகரின் பல மூலைகளில் உள்ள மண்டபங்களுக்குக் கொண்டுபோனார்கள். உடன் நின்ற வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவிகளும் காவலில் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. மறுநாளே உயர்நீதிமன்றத்தில் மனு தாக்கலாகி, அவர்களை விடுவிக்க நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், வி.லட்சுமிநாராயணன் அமர்வு உத்தரவிட்டது. பின்னர், உழைப்போர் உரிமை இயக்கத்தின் துணையோடு போராட்டம் அம்பத்தூருக்கு நகர்ந்தது. 2025 நவம்பரில் அங்கே பணியாளர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அந்த இரவின் இரு தரப்பினரை ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கறிஞர்களுக்குப் பெயர் இருந்தது, தேடுவதற்கு நண்பர்கள் இருந்தார்கள், எந்த நீதிமன்றத்தில் எந்த மனு போட வேண்டும் என்று அறிந்தவர்கள் இருந்தார்கள். ஒரே நாளில் நீதிபதிகள் முன்னால் பிரச்சினை போய்ச் சேர்ந்தது. குப்பை வண்டி தள்ளும் பெண்ணுக்கு அதெல்லாம் இல்லை. அவரைத் தேடும் மகனுக்கு அம்மா எந்த மண்டபத்தில் இருக்கிறார் என்றே தெரியாது. ஆட்கொணர்வு மனு தயாராகும் முன்பே அவரை விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு மனுவுக்கு வேலை இல்லை. ஒரே சட்டம் இரு தரப்பினரையும் சமமாகக் காக்கவில்லை. இந்தச் சமமின்மையை ஈடுகட்டும் ஒரே கருவி, யார் பிடிபட்டாலும் தானாகவே எழுதப்படும் பதிவுதான்.

ஆவடியின் அனுபவம்

பிடிக்கும் முறை மட்டும் மாறவில்லை, எது குற்றம் என்பதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாதுகாப்புத் தளவாட ஆலைகளைக் கார்ப்பரேஷன்களாக மாற்றுவதை எதிர்த்து, நாடெங்கும் 41 ஆலைகளின் தொழிலாளர் சம்மேளனங்கள் 2021 ஜூலை 26 முதல் வேலைநிறுத்தம் அறிவித்தன. கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை எனப் பல ஆலைகள் உள்ள ஆவடி அதில் முக்கியமான மையம். ஜூன் 30 அன்றே அவசரச் சட்டம் வந்தது, பின்னர் நாடாளுமன்றச் சட்டமானது. வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால் ஓராண்டு வரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை, வாரண்ட் இல்லாமல் கைது என்று அது சொன்னது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அக்டோபர் 1 அன்று ஆலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது. ஓராண்டு ஆயுளோடு வந்த சட்டம் தன் வேலையை ஒருவரையும் சிறையில் அடைக்காமலே முடித்துக்கொண்டது. காவலின் அச்சமே போராட்டத்தை நிறுத்தப் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது

மண்டபக் காவலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170ஆவது பிரிவு, பிடிக்கத்தக்க குற்றம் நடக்கவிருப்பதாகத் தெரிந்தால் முன்கூட்டியே கைது செய்ய அனுமதிக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 172ஆவது பிரிவு, காவலரின் சட்டப்படியான உத்தரவுக்கு இணங்காதவரை அகற்றவோ பிடித்து வைக்கவோ அதிகாரம் தருகிறது. சிறு விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது. மாஜிஸ்திரேட் பார்வைக்கே போகாமல் ஒரு நாள் முழுக்க ஒருவரை வைத்திருக்க இந்த 172 புதிதாகத் திறந்துவிட்ட வழி கவலைக்குரியது.

ஆனால் அதே சட்டப் புத்தகம் கடமைகளையும் அடுக்குகிறது. கைதானவரின் பெயர், முகவரி விவரங்களை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது 37ஆவது பிரிவு. அரிதான சூழல் தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. செய்வதானால் பெண் காவல் அதிகாரி எழுத்துப்பூர்வமாக மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி பெற வேண்டும் என்பது 43ஆவது பிரிவு. ரிப்பன் மாளிகையின் அந்த இரவைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. டி.கே.பாசு வழக்கில் 1997ஆம் ஆண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் கைது குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, காவலர் பெயர்ப்பட்டை என்று வரிசையாகக் கட்டளையிட்டுவிட்டது. காவல் நிலையங்களில் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. திருமண மண்டபத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ‘இது கைதே இல்லை, பாதுகாப்புக்காக வைத்திருந்தோம்’ என்று சொல்லிவிட்டால் எல்லாக் கடமையும் கழன்றுபோகிறது. வெளியே போக முடியாமல் ஒருவரை வைத்திருப்பது எந்தப் பெயரில் நடந்தாலும் காவல்தான்.

சில நாள் காவலுக்கும் பரிகாரம் உண்டு என்பதை பீம் சிங் வழக்கு காட்டியது. சட்டமன்றக் கூட்டத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கப்பட்ட அந்த ஜம்மு காஷ்மீர் உறுப்பினருக்கு 1985இல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சட்டமன்ற உறுப்பினருக்குக் கிடைத்த அந்தப் பரிகாரம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கும் எட்ட வேண்டும்.

காவல்துறையின் வாதம்

எதிர்த்தரப்பை நியாயமாகக் கேட்க வேண்டும். நெடுஞ்சாலை அடைபட்டால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. நடைபாதையை நாள்கணக்கில் மறித்தால் பிறருக்கும் உரிமை போகிறது. கூட்டத்தில் வதந்தி பரவினால் கலவரமாகலாம். சில மணி நேரம் அகற்றி வைத்து, வழக்கே போடாமல் விட்டுவிடுவது தொழிலாளிக்கும் நல்லதுதானே என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். வழக்கு இருந்தால் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடைஞ்சல் என்பது உண்மை. தொழிற்சங்கத் தலைவர்களே சில நேரம் இந்த ஏற்பாட்டை விரும்புகிறார்கள்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து அகற்றுவது வேறு, அகற்றிய பிறகு அடைத்து வைப்பது வேறு. முன்னதற்கு நீதிமன்ற உத்தரவு இருக்கலாம். அந்த உத்தரவு செல்போனைப் பறிக்கவோ கையை ஓங்கவோ அனுமதி தரவில்லை. காவலைப் பதிவு செய்வது என்றால் குற்ற வழக்குப் போடுவது என்று பொருளும் இல்லை. வந்த நேரம், விட்ட நேரம், சட்டப் பிரிவு, பொறுப்பு அதிகாரி, உடலில் காயம் உண்டா என்று எழுதி ஒரு நகலைக் கையில் கொடுத்தால் தொழிலாளிக்கு எந்த நஷ்டமும் வராது. நேர்மையாக நடந்துகொண்ட காவலருக்கும் அதுவே பாதுகாப்பு. பொய்ப் புகார் வந்தால் அவர் அதைக் காட்டலாம். மேலும், மெரினாவை மூடி, வள்ளுவர் கோட்டம் போன்ற சில இடங்களுக்குள் போராட்டத்தை ஒதுக்கிய பிறகு, புறநகர்த் தொழிலாளிக்குத் தன் ஆலைக்கு அருகில் உட்காரச் சட்டப்படி ஓர் இடம்கூட இல்லை என்ற நிலையில், சாலை மறியலுக்கு அவரை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

பக்கத்து நாட்டைப் பார்ப்பதும் உதவும். இலங்கையில் 2022 மக்கள் எழுச்சிக்குப் பிறகு மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆகஸ்டில் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்த அவரை, 2023 ஜனவரி 31 அன்று கொழும்பு நீதவான் அந்தச் சட்டத்தின் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார். 1979 முதல் தமிழர்களை வதைத்த ஒரு கொடிய சட்டத்தின் கீழும், கோப்பு நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் விடுதலை வந்தது.

செய்ய வேண்டியவை

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகம் 2013இல் இயற்றிய சட்டமோ மாநில அமைப்புக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அமைப்புக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. போராட்டத்தைக் கலைக்கச் சொல்லும் நிர்வாகமே அதில் எழும் புகாரையும் விசாரிக்கிறது. இவை மாற வேண்டும், மாற நாளாகும்.

நாளையே தொடங்கக்கூடியதும் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ் இருக்கின்றன. ஒரே சுற்றறிக்கையில் அங்கே ஒரு நடைமுறையைக் கொண்டுவரலாம்: மண்டபத்தில் வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் பெயர், நேரம், பிரிவு, அதிகாரி விவரம் எழுதிய சீட்டு; வாசலில் பெயர்ப் பட்டியல்; வழக்கறிஞருக்கு அனுமதி; கேட்பவருக்கு அரசு மருத்துவர் பரிசோதனை; செல்போனை எடுத்தால் ரசீது. இரவில் பெண்களைக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட் அனுமதியின் நகலும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் இதை வேண்டுகோளாக விட்டுவிடக் கூடாது. பேருந்தில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியலைத் தாங்களே எழுத ஒருவரைப் போராட்டக் களத்துக்கு வெளியே நிறுத்தலாம். விடுவிக்கப்பட்ட அன்றே காயங்களைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒவ்வொரு மண்டபக் காவலையும் தனித்தனிப் புகாராக அனுப்பலாம். செய்தியாளர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் கேட்டு எழுதலாம். சிட்டிபாபுவின் சாவையும் வைகோவின் பத்தொன்பது மாதங்களையும் நாம் இன்று பேச முடிவது, அவை எழுதப்பட்டதால்தான். சட்டப் பிரிவையும் நேரத்தையும் சொல்லாமல் ஒரு பெண்ணை ஒரு மணி நேரம்கூட அடைத்து வைக்கக் கூடாது என்பதைக் குறைந்தபட்சக் கோரிக்கையாக முன்வைப்போம். அதைவிடக் குறைவாக ஒரு குடியரசிடம் கேட்க முடியாது.